ஏழு நாள் நிறம்

ஸ்ப்ரே டேன் என்பது வெயிலில் நிற்காமலேயே தோலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் முறை. சர்க்கரை இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளைக் கரைத்து, மெல்லிய சாரலாக உடம்பெங்கும் தெளிக்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் தலைகாட்டுகிறது, ஒரு நாளில் முழுமையடைகிறது. பிறகு ஐந்து முதல் ஏழு நாள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து நாள் வரை நிற்கிறது. எத்தனை நாள் நிற்கும் என்பதில் கரைசலின் விலைக்குப் பங்கு குறைவு. முந்தைய நாள் தோலை எப்படித் தயார் செய்தார்கள், தெளித்த பிறகு முதல் எட்டு மணி நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் நின்று இதைச் சொன்னால் சிரிப்பார்கள். விடியுமுன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய் வெயில் ஏறியபின் கரை சேர்கிறவர்களுக்கு நெற்றி, பிடரி, முன்கை எல்லாம் ஒரு நிறம், பனியனுக்குள் இருக்கும் முதுகு வேறு நிறம். இந்த நிறத்துக்குக் காசு கொடுப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அங்குள்ள சில்வர் பீச்சில் வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டம் சேர்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் பார்லர்களில் கேட்டு வாங்கப்படுவது ‘டி-டேன்’, அதாவது ஏறிய வெயில் நிறத்தை இறக்கும் வேலை. 1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. வாங்குகிறவர்களின் ஆசையும் கூடவே மாறியதா என்பது வேறு கேள்வி.

ஐரோப்பாவிலும் ஒரு காலம் வரை இதே கதைதான். 1690-இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்ட ஆங்கிலேயரின் நாட்டில், வெளுத்த தோல் வயல் வேலை செய்யாதவரின் அடையாளமாக இருந்தது. தொழிற்சாலைகள் பெருகி, உழைப்பாளிகள் கூரைக்குக் கீழே போனபின் கணக்கு தலைகீழானது. வெயிலில் கறுக்க நேரமும் கடற்கரைக்குப் போகப் பணமும் உள்ளவர் என்பதற்குப் பழுப்பு நிறம் சாட்சியாயிற்று. 1920களில் நடந்த இந்த மாற்றத்துக்குப் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலின் பெயரைச் சொல்வது வழக்கம். வெயில் தோலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கு வழிவிடும் என்று தெரியவந்தபோது ஆசை போகவில்லை, வழி மட்டும் மாறியது. புற ஊதா விளக்குப் படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டு அவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 தொடக்கத்திலிருந்து அவற்றை வைத்துத் தொழில் நடத்த முடியாது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது ஸ்ப்ரே டேன்.

தமிழர்களிடையே இது வெவ்வேறு வாசல் வழியாக வந்தது. சிட்னியிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சேவை. தமிழ்நாட்டில் இதை அதிகம் அறிந்தவர்கள் ஆணழகன் போட்டிக்காரர்கள். வெண்புள்ளி உள்ளவர்கள் சிலர் இதே பொருளைத் தோல் மருத்துவர் சொல்லி, அழகுக்கான பொருள் என்றே நினைக்காமல் பயன்படுத்துகிறார்கள்.

தோலில் எங்கே நிற்கிறது

கரைசலில் வேலை செய்யும் பொருள் டைஹைட்ராக்ஸி அசிட்டோன், சுருக்கமாக டிஹெச்ஏ. மூன்று கரியணுக்கள் மட்டுமே கொண்ட எளிய சர்க்கரை இது. கிளிசரினை ஒரு வகை பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். இதற்கென்று நிறம் கிடையாது. தோலின் மேலடுக்கில் உள்ள புரதங்களின் அமினோ அமிலங்களைச் சந்தித்ததும் அவற்றோடு வினைபுரிந்து பழுப்பு நிறப் பொருள்களாக மாறுகிறது. தோசை முறுகும்போது நிகழ்வதும் இந்த வினைதான். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மயார் 1912-இல் விவரித்ததால் மயார் வினை என்று அவர் பெயரால் வழங்குகிறது. அடுப்பில் சில நிமிடத்தில் முடிவது உடம்புச் சூட்டில் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. டேன் போட்ட முதல் இரவு உடம்பிலிருந்து வரும் லேசான கருகிய பிஸ்கட் வாடைக்கும் காரணம் அதுவே.

இந்த வினை நடக்கும் இடம் தோலின் ஆக மேலே உள்ள கொம்படுக்கு. உயிரற்ற செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகப் படிந்த பகுதி அது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் பத்து முதல் இருபது மைக்ரான். தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ கால் பங்குதான். மேலே உள்ள செல்கள் தினமும் உதிர்ந்துகொண்டே இருக்க, கீழிருந்து புதியவை வந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அடுக்கு முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. நிறம் ஏறிய செல் உதிரும்போது நிறமும் அதோடு போய்விடும். வெயிலால் வரும் கறுப்பு வேறு விதம். அது கீழே உயிருள்ள செல்கள் மெலனின் என்ற நிறமியை உற்பத்தி செய்வதால் வருவது, தோல் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நடவடிக்கை. டிஹெச்ஏ தரும் நிறம் அந்த வேலையைச் செய்யாது.

தமிழ் வீடுகளில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: மருதாணி. இலையில் உள்ள லாசோன் என்ற பொருளும் இதே கொம்படுக்கின் புரதத்தைத்தான் பற்றுகிறது. ஆடி மாதத்தில் அம்மியில் புளியோ கொட்டைப்பாக்கோ சேர்த்து அரைத்து, உள்ளங்கையில் வட்டமும் விரல் நுனிகளில் தொப்பியும் வைத்து இரவெல்லாம் காய விடுகிறவர்கள், டேன் போடுகிறவர்கள் கற்க வேண்டிய பாடத்தில் பாதியை ஏற்கெனவே அறிந்தவர்கள். கொம்படுக்கு தடித்திருக்கும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மருதாணி நன்கு சிவக்கும், புறங்கையில் வெளிறும். எண்ணெய்க் கையில் பிடிக்காது. எடுத்தவுடன் ஆரஞ்சாக இருப்பது மறுநாள்தான் கருஞ்சிவப்பாகும். சோப்புப் போட்டு அடிக்கடி கழுவினால் சீக்கிரம் வெளுக்கும். டேனுக்கும் இவை அப்படியே பொருந்தும். ஒரே வித்தியாசம், மருதாணிக்காரர் ஆசைப்படும் உள்ளங்கைச் சிவப்பு டேன் போடுகிறவருக்கு ஆகாது. பழுப்பேறிய உள்ளங்கை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டையும் மருத்துவர்கள் ஒரு கட்டத்தில் சேர்த்தும் பார்த்தார்கள். வெளிச்சம் பட்டாலே தோல் எரியும் நோயாளிகளுக்காக, 1960களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ராபர்ட் ஃபுஸாரோவும் அவருடைய குழுவினரும் டிஹெச்ஏயையும் லாசோனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூசி வெயில் தடுப்பாகச் சோதித்தார்கள். 1978-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட வெயில் தடுப்புப் பொருள்களின் முன்வரைவில் இந்த ஜோடிக்கு இடம் இருந்தது. 1999-இல் இறுதிப் பட்டியல் வந்தபோது அது இல்லை.

டிஹெச்ஏ தோலைப் பழுப்பாக்கும் என்பது கவனத்துக்கு வந்த கதையும் மருத்துவமனையில்தான் நடந்தது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு கோளாறான குழந்தைகளுக்கு இந்தப் பொருளை வாய்வழியாகக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் வாயிலிருந்து வழிந்து தோலில் பட்ட இடங்கள் சில மணி நேரம் கழித்துப் பழுப்பாயின, துணியில் பட்ட இடத்தில் கறை இல்லை. தன் தோலிலேயே தடவிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். 1960-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது, அதே ஆண்டில் வெயில் இல்லாமல் நிறம் தரும் காப்பர்டோன் நிறுவனத்தின் முதல் லோஷனும் கடைக்கு வந்தது. அந்தக் காலத்து லோஷன் பூசியவர்கள் ஆரஞ்சுப் பட்டைகளோடு அலைந்தார்கள் என்ற கெட்ட பெயர் இன்றுவரை முழுதாக நீங்கவில்லை. கையால் தடவும்போது வரும் பட்டைகளைத் தவிர்க்கவே சாரலாகத் தெளிக்கும் கூண்டுகளும் கைத்தெளிப்பான்களும் 1990களின் இறுதியில் பரவின.

முந்தைய நாள்

தயாரிப்பின் முழு நோக்கமும் ஒன்றுதான்: உதிரப்போகிற செல்களை முன்கூட்டியே உதிர்த்துவிட்டு, இன்னும் பல நாள் இருக்கப்போகிற செல்களில் நிறத்தை ஏற்றுவது. இதைச் செய்யாமல் தெளித்தால் மூன்றாம் நாளே திட்டுத்திட்டாக வெளுக்கும்.

தெளிப்பதற்கு ஒரு நாள் முன்பு உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும். கடைகளில் விற்கும் ஸ்க்ரப்களில் பல எண்ணெய் கலந்தவை. அந்தப் படலம் தோலில் தங்கிக் கரைசலை உள்ளே விடாது. பச்சைப்பயறு மாவும் பீர்க்கங்காய் நாரும் இந்த வேலைக்கு அவற்றைவிட மேல். முழங்கை, முழங்கால், கணுக்கால், குதிகால் ஆகிய இடங்களில் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். அங்கே கொம்படுக்கு தடிமன், சுருக்கமும் அதிகம், நிறம் தேங்கிக் கறுப்பாகத் தெரியும். எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்கள் அதை இரண்டு மூன்று நாளுக்கு முன்பே முடித்து, சிகைக்காய் போட்டு எண்ணெய்ப் பசையை முழுவதும் எடுத்துவிட வேண்டும். மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்கள் அந்த வாரம் மஞ்சளைத் தள்ளிவைப்பது நல்லது. மேலே தங்கிய மஞ்சளும் கீழிருந்து வரும் பழுப்பும் கலந்தால் வருவது யாரும் விரும்பாத நிறம்.

முடி நீக்குவதும் முந்தைய நாள் வேலையே. ஷேவ் செய்தாலும் வாக்ஸ் செய்தாலும் முடிக்கால்களின் துளைகள் சிறிது நேரம் விரிந்திருக்கும். உடனே தெளித்தால் ஒவ்வொரு துளையிலும் கரைசல் தேங்கிக் கரும்புள்ளியாக நிற்கும். டேன் போட்ட பிறகு வாக்ஸ் செய்தாலோ பிசினோடு நிறமும் உரிந்து வந்துவிடும்.

சோப்பு விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, டிஹெச்ஏயும் அந்த நிலையில்தான் நல்ல பழுப்பைத் தருகிறது. சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உடையது. கடலோர ஊர்களில் உப்பேறிய போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கழுவினாலும் வெண்மையான படிவு தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவின் மேல் தெளித்தால் நிறம் சீராக வராது. கடைசிக் குளியலைச் சோப்பில்லாமல், முடிந்தால் நல்ல தண்ணீரில் முடிப்பது நல்லது.

தெளிக்கும் அன்று தோலில் எதுவும் இருக்கக் கூடாது. டியோடரன்ட், சென்ட், பவுடர், க்ரீம், மேக்கப் எல்லாம் தடைகளே. நம் ஊரில் இன்னும் சில சேர்கின்றன. விபூதிப் பட்டை பூசிய நெற்றியும் புஜமும் வெள்ளைக் கோடாகத் தனித்து நிற்கும். அரைஞாண் கயிற்றுக்கும் கையில் கட்டிய காப்புக் கயிற்றுக்கும் அடியில் கரைசல் போகாது. கழற்ற மனமில்லாதவர்கள் கயிற்றைத் தெளிக்கும்போது நகர்த்திப் பிடித்துக்கொள்வதே வழி. மஞ்சள் தாலிக்கயிறும் கரைசலை உறிஞ்சிக்கொண்டு கழுத்தில் தனி வளையம் போடும்.

புதிதாகப் போடுகிறவர்கள் முழங்கை மடிப்பில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். டிஹெச்ஏயால் ஒவ்வாமை வருவது அரிது, அதோடு கலந்துள்ள வாசனைப் பொருள்களாலும் கெடாமல் காக்கும் பொருள்களாலும் வருவது அவ்வளவு அரிதல்ல.

தெளிக்கும்போது

வீட்டு லோஷன்களில் டிஹெச்ஏ மூன்று முதல் ஐந்து விழுக்காடு இருக்கும். தெளிப்புக் கரைசல்களில் எட்டிலிருந்து பதினான்கு வரை பயன்படுத்தி வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் கொண்டுவந்த விதி இதற்குப் பத்து விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. அளவு கூடினால் நிறம் ஆழமாகும் என்பது ஒரு கட்டம் வரைதான் உண்மை. தோலில் வினைபுரியக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் தீர்ந்தபின் மிச்சம் ஆரஞ்சுச் சாயலையும் வாடையையுமே கூட்டும். நம் மாநிறத் தோலில் டேன் செய்யும் பெரிய காரியம் நிறத்தைக் கூட்டுவது அல்ல, சட்டைக் கோடு, வாட்ச் கோடு போன்ற வேறுபாடுகளை மறைத்து ஒரே சீராக்குவது. எனவே ஆக அடர்த்தியான கரைசலைக் கேட்டு வாங்குவதில் லாபம் இல்லை. சில கரைசல்களில் எரித்ரூலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் இருக்கும். அது மெதுவாக, இரண்டு நாள் எடுத்து நிறம் தரும், மங்குவதையும் சற்றுச் சீராக்கும்.

கரைசலில் பெரும்பாலும் ‘பிரான்சர்’ எனப்படும் சாயமும் கலந்திருக்கும். டிஹெச்ஏ நிறமற்றது என்பதால் எங்கே தெளித்தோம், எங்கே விட்டோம் என்று தெளிப்பவருக்குக் காட்ட இந்தச் சாயம் தேவைப்படுகிறது. முதல் குளியலில் இது பழுப்புத் தண்ணீராக ஓடும். அதைப் பார்த்து டேன் முழுதும் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. போனது சாயம் மட்டுமே.

உள்ளங்கை, உள்ளங்கால், நகங்கள், விரல் இடுக்குகள் ஆகியவற்றில் தடுப்பு க்ரீம் தாராளமாகவும், முழங்கை, முழங்கால், கணுக்காலில் மிக மெல்லியதாகவும் தடவ வேண்டும். பின்னவற்றில் அதிகம் தடவினால் வெள்ளைத் திட்டாகும்.

பாதுகாப்புக்கு ஒரு விஷயம் கட்டாயம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் டிஹெச்ஏயை உடம்பின் வெளிப்புறப் பூச்சுக்கு மட்டுமே 1970களில் அனுமதித்தது. கண், உதடு, மூக்கின் உட்பகுதி போன்ற ஈரச் சவ்வுகளில் படுவதையும் மூச்சில் இழுப்பதையும் அந்த அனுமதி உள்ளடக்கவில்லை. கண்ணை மூடும் கவசம், மூக்குத் துளைக்கு வடிகட்டி, உதட்டுக்கு லிப் பாம், நன்றாகக் காற்றோடும் அறை ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் தெளித்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாரலைத் தவிர்த்துவிடுவதே பாதுகாப்பு.

கரைசல் பாட்டிலும் வெப்பத்தில் கெடும். கடலூர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த பாட்டிலில் டிஹெச்ஏ தானே சிதைந்து, தெளிக்கும்போது பச்சையோ ஆரஞ்சோ கலந்த நிறம் தரும். குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைத்து, திறந்த பாட்டிலைக் குறித்த காலத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

முதல் எட்டு மணி நேரம்

தெளித்த பத்து நிமிடத்தில் தோல் காய்ந்ததுபோல் தோன்றினாலும் வினை அப்போதுதான் ஆரம்பம். ஆறு முதல் எட்டு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. கை கழுவினால்கூட மணிக்கட்டைத் தாண்டாமல் விரல்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடலோரத்தில் பெரிய எதிரி வியர்வை. காற்றில் ஈரப்பதம் இருப்பதே கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். மிகவும் வறண்ட கொம்படுக்கிலும் தண்ணீரில் ஊறிய கொம்படுக்கிலும் நிறம் சரியாக ஏறுவதில்லை, இடைப்பட்ட ஈரம்தான் தோது. வியர்வையோ துளியாகத் திரண்டு வழிந்து, போகிற வழியெல்லாம் கரைசலை அரித்துக்கொண்டு போகும். நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு வெளிர் கோடு, முழங்கால் பின்மடிப்பில் வெடிப்புபோல் ஒரு கோடு, அக்குளில் பச்சை கலந்த திட்டு என்று மறுநாள் காலை கண்ணாடியில் தெரியும். தேவனாம்பட்டினம் போன்ற ஊரில் இதற்கு மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள். மற்ற நாளில் ஏசி அறையில் மாலை தெளித்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே இரவைக் கழிப்பது நல்லது. வியர்க்குரு உள்ள காலத்தில் போடவே கூடாது.

உடை தளர்வாக, அடர் நிறத்தில், பருத்தியில் இருக்க வேண்டும். கைலியும் பழைய நைட்டியும் இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். இறுக்கமான பிரா, சாக்ஸ், ஜீன்ஸ் எல்லாம் கோடு போடும். துணி விஷயத்தில் வேதியியல் காரணம் ஒன்றும் உண்டு. பருத்தி செல்லுலோஸால் ஆனது, டிஹெச்ஏ பற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை, பட்ட சாயம் துவைத்தால் போய்விடும். பட்டும் கம்பளியும் தோலைப் போலவே புரதம். அவற்றில் பட்டால் துணியே பழுப்பாகும், துவைத்தாலும் போகாது. நைலானிலும் கறை தங்கும். கல்யாணத்துக்காக டேன் போடும் வெளிநாட்டுத் தமிழ்ப் பெண்கள் இரண்டு நாள் முன்பே போட்டு, ஒருமுறையாவது குளித்துவிட்டுத்தான் காஞ்சிபுரம் பட்டைத் தொட வேண்டும்.

முதல் குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், சோப்பில்லாமல், தேய்க்காமல். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும்.

மேடைக்கு வேறு சட்டம்

ஆணழகன் போட்டிக்காரர்களின் ‘டேன் அடிக்கிற’ வேலை இந்த விதிகளில் பாதியை மீறுகிறது. இயல்பிலேயே கறுத்த உடம்புக்கு எதற்கு டேன் என்று கேட்பவர்களுக்குப் பதில் மேடை விளக்கில் இருக்கிறது. பலத்த வெளிச்சம் தோலில் பட்டுத் திரும்பும்போது தசைகளுக்கிடையே உள்ள பள்ளங்கள் அழிந்து உடம்பு தட்டையாகத் தெரியும். ஒரே சீரான அடர்பழுப்புப் பூச்சு வெளிச்சத்தை விழுங்கி, பள்ளத்தைப் பள்ளமாகவும் மேட்டை மேடாகவும் நடுவர்களுக்குக் காட்டும். மாதக்கணக்கில் சாப்பாட்டைக் குறைத்துக் கொண்டுவந்த ‘கட்டிங்’, அதாவது தசைகள் பிரிந்து தெரியும் தெளிவு, டேன் சரியில்லை என்பதற்காக மேடையில் காணாமல் போவது உண்டு.

அங்கே ஏழு நாள் நீடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பகல் வழியாமல் நின்றால் போதும், அடர்த்திதான் முக்கியம். போட்டிக்கு முந்தைய நாள் மாலையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சுகள் ஏறும். ஒரு பூச்சு காய்ந்தபிறகே அடுத்தது. முதுகைத் தானே பூசிக்கொள்ள முடியாது என்பதால் ஜிம் நண்பர் ஒருவர் ஸ்பாஞ்சோடு கூடவே இருப்பார். கைகளையும் கால்களையும் அகட்டி நின்றே காய வேண்டும், உட்கார்ந்தால் தொடை ஒட்டும். இரவில் முழுக்கைச் சட்டை, தளர்ந்த பேன்ட், மேலே பழைய போர்வை. லாட்ஜ் படுக்கை விரிப்பில் கறை படிந்து பணம் கட்டியவர்கள் நிறையப் பேர். காலையில் கடைசிப் பூச்சும், மேடையேறுமுன் மெல்லிய பளபளப்புப் பூச்சும் உண்டு. மேடைக்குப் பின்னால் தசைகளைப் புடைக்கவைக்க ‘பம்ப்’ ஏற்றும்போது வியர்க்கும் என்பதால் இங்கே நேரக் கணக்கு தப்பினால் நெற்றியிலிருந்தே கோடுகள் இறங்கத் தொடங்கும். உலக உடற்கட்டுக் கூட்டமைப்புகளில் ஒன்றான ஐஎஃப்பிபியின் விதிப்படி, துடைத்தால் கையோடு வரும் பூச்சுக்கு அனுமதி கிடையாது. நடுவர்கள் துடைக்கச் சொல்லிவிட்டுத்தான் மேடைக்கு விடுவார்கள்.

இந்த வட்டாரத்தில் சுற்றும் குறுக்கு வழிகள் ஆபத்தானவை. டேன் மாத்திரை என்ற பெயரில் விற்கப்படும் காந்தாசாந்தின் கண்ணின் விழித்திரையில் படிகங்களாகப் படிவது தெரிந்த விஷயம். மெலனோடான் ஊசிகளைப் பற்றிப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன. ‘கறுப்பு மருதாணி’ எனப்படும் பசையில் கலக்கும் தலைச்சாய வேதிப்பொருளும் இதே ரகம். கொப்புளம் வந்து ஆறினாலும் அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த வாரம்

நிறத்தை நீட்டிப்பது என்றால் கொம்படுக்கு உதிர்வதைத் தள்ளிப்போடுவதுதான். வறண்ட தோல் செதில் செதிலாக உதிரும், ஈரம் உள்ள தோல் சீராக உதிரும். காலையும் இரவும் மாய்ஸ்சரைசர் தடவுவது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். கிளிசரின் கலந்தது போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை. நிறம் முழுவதும் ஏறிய பின் தேங்காய் எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் கேடில்லை. நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சிகைக்காய் போட்டு உரசிக் குளித்தால் நிறத்தில் பெரும்பகுதி அந்த ஒரு குளியலிலேயே போய்விடும்.

முகம் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும். அடிக்கடி கழுவுவது ஒரு காரணம், பருவுக்குத் தடவும் களிம்புகள் இன்னொரு காரணம். அடபலீன், ட்ரெட்டினாயின், சாலிசிலிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் எல்லாம் கொம்படுக்கு உதிர்வதை வேகப்படுத்துபவை. மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பை டேனுக்காக நிறுத்துவது அறிவுள்ள செயல் அல்ல. அப்படிப்பட்டவர்கள் முகத்தை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். நான்காம் நாள் வாக்கில் குறைந்த அடர்த்தி லோஷனை ஒரு முறை பூசினால் வெளுக்கும் இடங்கள் சமமாகும்.

நீச்சல் குளத்துக் குளோரின் நிறத்தை வெளுக்கச் செய்யும். கடலில் உப்பைவிட மணல்தான் வில்லன். சில்வர் பீச் அலையில் புரண்டு எழுந்தால் மணல் துகள்கள் ஸ்க்ரப் போல உரசிவிடும். ஆனால் கடற்கரையில் இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. உடம்பு கறுத்திருக்கிறது, இனி வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைப்பது. டிஹெச்ஏ நிறத்தின் வெயில் தடுப்புத் திறன் எஸ்.பி.எஃப். மூன்று நான்கு அளவுக்குமேல் இல்லை, அதுவும் சில மணி நேரத்துக்கே. போதாக்குறைக்கு, டிஹெச்ஏ பூசிய தோலில் வெயில் பட்டால் செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் பூசாத தோலைவிட அதிகம் உருவாகின்றன என்று 2000களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூசிய முதல் ஒரு நாள் வெயிலையே தவிர்க்க வேண்டும். கோடை நண்பகலில் தமிழ்நாட்டுக் கடலோரத்தின் புற ஊதாக் குறியீடு பத்தைத் தாண்டுவது சாதாரணம். எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனும் முழுக்கைச் சட்டையும் டேன் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒன்றே.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அந்த இடங்களில் மெலனின் இல்லை, பூச்சு நிறத்தைத் தருமே தவிரப் பாதுகாப்பைத் தராது, நோயையும் குணமாக்காது. ஆனாலும் அன்றாடம் கன்சீலர் பூசி, வியர்வையில் அது சட்டைக் காலரில் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, குளித்தாலும் போகாத நிறம் சில நாளுக்குக் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. ஐந்தாறு விழுக்காடு டிஹெச்ஏ உள்ள லோஷனை, காது குடையும் பஞ்சுக் குச்சியால் புள்ளியின் ஓரத்துக்கு ஒரு இழை உள்ளே நிறுத்திப் பூச வேண்டும். ஓரத்தைத் தாண்டினால் சுற்றியுள்ள நல்ல தோலும் கறுத்து, புள்ளியைச் சுற்றிக் கரை கட்டிவிடும். முதல் முறை ஒரே பூச்சு, மறுநாள் நிறத்தைப் பார்த்துத் தேவைப்பட்டால் இரண்டாவது. மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். எந்த அடர்த்தி தன் தோலுக்குப் பொருந்தும் என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

எடுக்கும் முறை

பழைய நிறத்தின்மேல் புதிய பூச்சு போடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. பாதி உதிர்ந்த செல்களும் புதிய செல்களும் வெவ்வேறு அளவில் நிறம் பிடித்து, தோல் அழுக்கேறியதுபோல் ஆகிவிடும். அடுத்த முறைக்கு முன் பழையதை முழுவதும் எடுத்துவிட வேண்டும். வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறி, தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சற்று விட்டு, பச்சைப்பயறு மாவும் பீர்க்கங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் இரண்டு மூன்று குளியலில் போய்விடும். எலுமிச்சைச் சாற்றையும் ஆப்பச் சோடாவையும் குழைத்துத் தேய்க்கச் சொல்லும் வைத்தியம் பரவலாக இருக்கிறது. அது நிறத்தைவிடத் தோலையே அதிகம் உரிக்கும், எரிச்சலும் திட்டும்தான் மிச்சம். விரல் இடுக்கிலும் கணுக்கால் மடிப்பிலும் தங்கும் நிறம் கடைசியில்தான் போகும். அங்கே பலமாகத் தேய்த்துப் புண்ணாக்காமல் இன்னும் நான்கைந்து நாள் விட்டால் தானே உதிரும், அதன்பிறகு அடுத்த பூச்சுக்கு நாள் குறிக்கலாம்.